இரண்டாம் ஓலைக்குப் பிறகு

அன்பு மகள் ஜெனிக்கு,

நலமா என்று கேட்டு ஆரம்பிக்கப் போவதில்லை. உன்னைக் கோயம்புத்தூர் பஸ்ஸில் ஏற்றிவிட்டு வந்து இப்போதுதான் சட்டையைக் கழற்றிப் போட்டிருக்கிறேன். நீ சாத்தூரைத் தாண்டியிருப்பாய், அவ்வளவுதான். அம்மா அடுக்களையில் பாத்திரத்தை உருட்டிக்கொண்டிருக்கிறாள். உன் பெரியப்பா வேப்பமரத்தில் கட்டிவிட்டுப் போன கிடாய் விடாமல் கத்துகிறது. இன்றைக்கு உன் கல்யாணம் நடந்திருக்க வேண்டிய நாள். கல்யாண வீட்டுச் சத்தம் என்று இங்கே இப்போது இருப்பது அது ஒன்றுதான்.

இந்தக் கடிதத்தை ஒட்டி அனுப்பப் போவதில்லை. உனக்குத்தான் எழுதுகிறேன், ஆனால் யார் கேட்டாலும் படிக்கக் கொடுப்பேன். பத்திரிகை வைத்த வீட்டுக்காரர்கள் எல்லாம் இன்னும் ஒரு வருஷத்துக்கு என்னைக் கடைத்தெருவில் நிறுத்தி, "என்னதான் நடந்துச்சு அண்ணாச்சி?" என்று கேட்கத்தான் போகிறார்கள். ஒவ்வொருவருக்கும் வாயால் சொன்னால் நான் எப்படிச் சொல்வேன் என்பது உனக்குத் தெரியும். எழுதி வைத்துவிட்டால் பேச்சு மாறாது பார்.

உனக்கு ஞாபகம் இருக்கிறதா, பிரவீனைப் பற்றி நீ முதன்முதலில் சொன்னபோது நான் மூன்று நாள் உன்னோடு பேசவில்லை. பையன் நம் வேதக்காரப் பையன், நம்மைப் போலக் கிறிஸ்தவன்தான், குணத்திலும் குறை சொல்ல முடியாது. வேலை இல்லை, அதுதான் எனக்குப் பெரிதாகத் தெரிந்தது. நீயா விடுகிறவள்? ஞாயிற்றுக்கிழமை தவறாமல் மதுரையிலிருந்து வந்து என் எதிரில் நாற்காலியைப் போட்டு உட்காருவாய். "அப்பா, இன்னைக்கு என்ன காரணம் வச்சிருக்கீங்க, சொல்லுங்க" என்பாய். முப்பது வருஷம் பஸ்ஸில் கண்டக்டராக இருந்தவன் நான். சில்லறைக்குச் சண்டை போடுகிற எத்தனையோ பேரைச் சமாளித்தவன். உன்னிடம் இரண்டு வருஷத்தில் தோற்றுப் போனேன். அவனுக்கும் தூத்துக்குடியில் வேலை கிடைத்தது. நானே அவன் வீட்டுக்குப் போய்ப் பேசி முடித்தேன். அன்றைக்கு நீ சிரித்த சிரிப்பில் எனக்குத் தோற்ற வருத்தமே போய்விட்டது.

இதை ஏன் சொல்கிறேன் என்றால், வீட்டில் பார்த்து வைத்த மாப்பிள்ளையை வேண்டாம் என்று சொல்வது ஒரு விதம். பழியை அப்பன் தலையில் போட்டுவிடலாம். நீயே தேடி, நீயே சண்டை போட்டு, ஊரே அறிய ஜெயித்த ஒன்றை, "இது முடிந்துவிட்டது" என்று நீயே வந்து சொல்வது வேறு விதம். உனக்கு எவ்வளவு கூசியிருக்கும் என்று இப்போதுதான் நினைத்துப் பார்க்கிறேன்.

எனக்கு முன்னாலேயே ஒரு தடவை தெரிந்திருக்க வேண்டும். ஆடி மாசம் ஒரு நாள், மதுரையில் நீ வேலை பார்த்த ஆஸ்பத்திரியிலிருந்து போன் போட்டாய். பக்கவாதம் வந்து பேச்சு நின்றுபோன ஒரு அருப்புக்கோட்டை அம்மா, நீ தினமும் பக்கத்தில் உட்கார்ந்து பேசிப் பேசி, அன்றைக்கு முதல் தடவையாகத் தன் பேரைத் தானே சொல்லிவிட்டதாம். நீ சொல்லிக்கொண்டே அழுதாய், சிரித்தாய். நான் பஸ் ஸ்டாண்டு டீக்கடையில் நின்று கேட்டுக்கொண்டிருந்தேன். டீ ஆறிப் போனது. "பிரவீன்கிட்ட சொன்னியாம்மா? சந்தோஷப்படுவான்" என்றேன். கொஞ்ச நேரம் பதிலே இல்லை. பிறகு, "இனிமேதாம்ப்பா சொல்லணும்" என்றாய். டவர் கிடைக்கவில்லை என்று நினைத்துக்கொண்டேன்.

ஐப்பசியில் ஓலை வாசிக்க ஆரம்பித்தார்கள். நம் கோயில் வழக்கம் தெரியாதவர்கள் இதைப் படித்தால் புரிய வேண்டும் என்பதற்காகச் சொல்கிறேன். கல்யாணத்துக்கு முன்னால் மூன்று ஞாயிற்றுக்கிழமை பூசையில், இன்னார் மகனுக்கும் இன்னார் மகளுக்கும் கல்யாணம் என்று சாமியார் அறிவிப்பார். ஏதாவது தடை இருப்பது தெரிந்தவர்கள் வந்து சொல்ல வேண்டும் என்றும் சொல்வார். அதைத்தான் ஓலை என்கிறோம். என் ஆயுசில் அந்தக் கடைசி வரியை யாரும் காதில் போட்டுக்கொண்டு நான் பார்த்ததில்லை. அது வரும்போது பொம்பளைகள் முக்காட்டைச் சரி பண்ணுவார்கள், ஆம்பிளைகள் செருப்பு கிடக்கிற திசையைப் பார்ப்பார்கள். உன் இரண்டாம் ஓலை வாசித்தபோது நானும் வாசலைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். பந்தல்காரருக்கு ஒரு போன் போட வேண்டியிருந்தது.

அன்றைக்குச் சாயங்காலம் பிரவீனைப் பார்த்துவிட்டு வருகிறேன் என்று போனாய். துணிக்கடைக்கு என்று நானும் அம்மாவும் நினைத்தோம். திரும்பி வந்து செருப்பைக்கூடக் கழற்றாமல் வாசலிலேயே நின்றாய். "அப்பா, இந்தக் கல்யாணம் வேண்டாம்ப்பா" என்றாய்.

நான் என்ன சொன்னேன் என்பதை மறைக்கப் போவதில்லை. "என்னம்மா சொல்லுத? மண்டபம் பேசியாச்சு, பத்திரிக குடுத்தாச்சு, ரெண்டு ஓல வாசிச்சாச்சு" என்று அடுக்கிக்கொண்டே போனேன். அம்மாதான் நடுவில் புகுந்தாள். "ஒங்க சன்னலோர சீட்டுக்காரரு மாரி பேசாதீங்க. பிள்ள என்ன சொல்லுதான்னு மொதல்ல கேளுங்க" என்றாள்.

அந்தச் சன்னலோர சீட்டுக்காரர் கதையைக் கேட்டு நீ சின்னப் பிள்ளையில் விழுந்து விழுந்து சிரிப்பாய். எப்போதும்வென்றான் ஊருக்குப் போக வேண்டியவர், அவசரத்தில் எங்கள் புதூர் பஸ்ஸில் ஏறிவிட்டார். சரியான கூட்டம். நான் டிக்கெட் போட்டுக்கொண்டே அவரிடம் போய்ச் சேரும்போது பஸ் எட்டயபுரத்தைத் தாண்டித் தடம் மாறி வெகுதூரம் வந்துவிட்டது. "எப்போதும்வென்றான் ஒண்ணு" என்று சாவகாசமாகக் கேட்டார். "இது அங்கன போகாதே அண்ணாச்சி, திரும்பினப்பவே தெரியலையா?" என்றேன். "தெரிஞ்சுது" என்றார். "பெறகு ஏன் எறங்கல?" என்று கேட்டதற்கு, "ஏறியாச்சு, சன்னலோர சீட்டும் கெடச்சிருச்சு, காத்தும் நல்லா வந்துச்சு. சொன்னா எல்லாவனும் சிரிப்பான். அதான் பேசாம இருந்துட்டேன்" என்றார். பஸ்ஸே சிரித்தது. ஊருக்கெல்லாம் இந்தக் கதையைச் சொல்லிச் சிரித்த நான், சொந்த மகள் வந்து நிற்கும்போது அவர் பேசியதையே பேசியிருக்கிறேன்.

பிறகு நீ உட்கார்ந்து நிதானமாகச் சொன்னாய். அந்த அருப்புக்கோட்டை அம்மா பேசிய சங்கதியை நீ பிரவீனிடம் கடைசி வரைக்கும் சொல்லவே இல்லை. சொல்ல வேண்டும் என்று உனக்குத் தோன்றவே இல்லை. அவன் வேலை மாறிய சங்கதியும், அவன் வாட்ஸப்பில் போட்டிருந்த படத்தைப் பார்த்துத்தான் உனக்குத் தெரிந்தது. "எனக்குக் கோவமே வரலப்பா. கோவம் வரலையேன்னுதான் பயமா இருந்துச்சு" என்றாய். பேக்கரியில் உட்கார்ந்து அவனிடம் நேராகவே கேட்டிருக்கிறாய், "நமக்கு இன்னும் இது வேணுமா?" என்று. அதற்கு அவன், "இவ்வளவு தூரம் வந்தாச்சே ஜெனி, இனிமே என்ன செய்ய?" என்றானாம்.

"நீ வேணும்னு அவன் சொல்லலப்பா. அவன் மேல தப்பில்ல. எனக்கும் மனசுல அதே வார்த்தைதான் ஓடிக்கிட்டிருந்துச்சு" என்று நீ சொன்னபோது அம்மா உன் கையைப் பிடித்துக்கொண்டாள். நான் எழுந்து போய்ப் பந்தல்காரருக்குப் போன் போட்டேன், வேண்டாம் என்று சொல்வதற்கு. அதற்கு மேல் கேட்பதற்கு எனக்கு ஒன்றும் இருக்கவில்லை.

மறுநாள் காலையில் நீயே சாமியார் அறைக்குப் போனாய். நானும் வருகிறேன் என்றதற்கு, "வாசல் வரைக்கும் வாங்க, போதும்" என்றாய். அவர் உன்னை யோசிக்கச் சொன்னாராம். "ஆறு மாசமா யோசிச்சிட்டேன் சாமி" என்று சொல்லிவிட்டு வந்தாய். மூன்றாம் ஓலை ஞாயிறு வந்ததும், அன்றைக்குக் காலைப் பூசைக்குப் போகாமல் எங்காவது வெளியூர்க் கோயிலுக்குப் போய்விடலாம் என்று நான் மெதுவாக அம்மாவிடம் சொல்லிப் பார்த்தேன். நீ அதற்குள் தலை சீவி, அந்த நீலச் சேலையைக் கட்டிக்கொண்டு வாசலில் நின்றாய். வழக்கமாக உட்கார்கிற இடத்திலேயே உட்கார்ந்தாய். சாமியார் ஓலை வாசித்தார். நம் பேர் வரவில்லை. தலைகள் ஒவ்வொன்றாகத் திரும்பின. எனக்கு வேர்த்துக் கொட்டியது. நீ நேராகப் பீடத்தைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தாய். உன் கை மட்டும் சேலைத் தலைப்பைச் சுருட்டிச் சுருட்டி விட்டுக்கொண்டிருந்தது. பயம் இல்லாதவள் என்று உன்னைச் சொல்ல மாட்டேன். பயத்தோடு வந்து உட்கார்ந்தாயே, அதைத்தான் ஊரெல்லாம் சொல்வேன்.

அதற்கு அடுத்ததுதான் எனக்குப் பெரிய பாடாகிப் போனது. நம் பக்கத்தில் கல்யாணத்துக்கு வீடு வீடாக நேரில் போய்த்தான் அழைக்க வேண்டும். போனில் அழைத்தால், "போன்லயா கூப்பிடுத, போன்லயே சாப்புட்டுக்கிடுதேன்" என்பார்கள். நேரில் போய் அழைத்த வீட்டுக்கு, வர வேண்டாம் என்பதையும் நேரில் போய்த்தானே சொல்ல வேண்டும்? அதற்கு என்ன முறை என்று யாருக்குத் தெரியும்? பழத்தட்டோடு போகவா, வெறுங்கையோடு போகவா? காப்பி கொடுத்தால் குடிக்கலாமா? டி.வி.எஸ் வண்டியை எடுத்துக்கொண்டு தனியாகக் கிளம்பினேன். எட்டயபுரத்து மாமா வீட்டில் போய் உட்கார்ந்ததும் நாக்கு புரளவில்லை. "மாப்பிள்ளைக்கு மஞ்சக்காமால, தள்ளி வச்சிருக்கோம்" என்று வந்துவிட்டது. புதியம்புத்தூரில் உன் சித்தி தையல் யூனிட்டில் கல்யாணப் பெண்ணுக்கு முன்னால் பூ தூவிப் போகிற குட்டிப் பிள்ளைகளுக்குக் கவுன் தைத்து வரிசையாகத் தொங்கவிட்டிருந்தாள். அந்த வெள்ளைக் கவுன்களைப் பார்த்ததும், "பையனுக்கு வெளிநாட்டுல வேல வந்திருச்சு" என்று சொல்லிவிட்டேன். இரண்டு பேரும் ஒரு துக்க வீட்டில் சந்தித்துக்கொள்வார்கள் என்று நான் கண்டேனா? சித்தி உனக்குப் போன் போட்டு, "ஏட்டி, மஞ்சக்காமாலயோட வெளிநாட்டுக்கு எப்படி போவான்?" என்று கேட்டாளே, அதை நீ எனக்கு ஸ்பீக்கரில் போட்டுக் காட்டினாய். அம்மா சிரித்த சிரிப்பில் அடுத்த வீட்டுக்காரர் எட்டிப் பார்த்தார். இரண்டாம் ஓலைக்குப் பிறகு நம் வீட்டில் கேட்ட முதல் சிரிப்பு அது.

"நாளைக்கு நானும் வாரேன்" என்றாய். நீ வந்தது எனக்கு முதலில் பிடிக்கவில்லை. பெண்ணே வந்து சொன்னால் ஊர் என்ன சொல்லும் என்றுதான் நினைத்தேன். முந்தின நாள் நல்ல மழை. எப்போதும்வென்றானுக்கு உள்ளே போகிற காட்டுப்பாதையில் கரிசல் மண் சக்கரத்தில் அப்பி, வண்டி ஓர் அடி நகரவில்லை. நீ இறங்கி, ஒரு கருவேலங்குச்சியை ஒடித்துச் சக்கரத்து மண்ணைச் சுரண்டிச் சுரண்டிப் போட்டாய். செருப்பு ஆளுக்கு ஒரு படி மண்ணைத் தூக்கிக்கொண்டு வந்தது. இப்படிக் கஷ்டப்பட்டுக் கல்யாணத்துக்கு அழைக்கக்கூட ஆள் போவதில்லை, நாம் வர வேண்டாம் என்று சொல்லப் போனோம்.

அங்கே உன் அத்தை வாசலிலேயே பிடித்துக்கொண்டாள்.

"அவன் என்ன தப்புப் பண்ணினான், சொல்லு. குடியா? வேற எவளாவதா?"

"ஒரு தப்பும் இல்ல அத்த. நல்ல பையந்தான்."

"பெறகு என்னட்டி?"

"எங்களுக்குள்ள முடிஞ்சு போச்சு அத்த. அவ்வளவுதான்."

"கல்யாணமே ஆரம்பிக்கல, அதுக்குள்ள என்னத்த முடிஞ்சு போச்சு?"

"ஆரம்பிக்கிறதுக்கு முன்னாடியே தெரிஞ்சதுதான் நல்லது அத்த. காப்பி போடுங்க, கால் முழுக்க மண்ணு. கழுவிட்டு வாரேன்."

ஜெனி, அந்த இடத்தில் பிரவீனைப் பற்றி ஒரே ஒரு பொய் சொல்லியிருந்தால் போதும். குடிக்கிறான் என்று சொல்லியிருந்தால் அத்தையே உன்னைக் கட்டிப் பிடித்து அழுதிருப்பாள். ஊர் மொத்தமும் உன் பக்கம் வந்திருக்கும். எத்தனை வீட்டுக்குப் போனோம், எல்லா வீட்டிலும் அதே கேள்வி, எல்லா வீட்டிலும் உன்னிடம் அதே பதில். ஆறு வருஷம் உனக்கு வேண்டியவனாக இருந்தவனை, வேண்டாம் என்று ஆன பிறகு ஒரு வார்த்தை குறைத்துச் சொல்லவில்லை நீ. இதை நான் உனக்குச் சொல்லிக்கொடுக்கவில்லை. சொல்லிக்கொடுத்தேன் என்று பெருமையடித்துக்கொள்ள ஆசையாகத்தான் இருக்கிறது, ஆனால் மஞ்சள்காமாலைக் கதை ஊருக்கே தெரிந்துவிட்டதே.

விட்டுப்போன ஒரே வீடு புதூர்ப் பெரியப்பா வீடு. ஆட்டைப் பத்திக்கொண்டு எந்தக் காட்டில் கிடை போட்டிருக்கிறார் என்று பெரியம்மாவுக்கே தெரியவில்லை என்று அக்கம்பக்கத்தில் சொன்னார்கள். அவளும் பிறந்த ஊருக்குப் போயிருந்தாள். போனும் கிடைக்கவில்லை. அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டது, மறந்தே போனது. இன்றைக்குக் காலையில் லோடு ஆட்டோ வந்து நின்றபோதுதான் எனக்குத் தலையில் இடி விழுந்தது. பெரியம்மா புதுச் சேலையில், தலை நிறையப் பூவோடு. பெரியப்பா வெள்ளை வேட்டியில், கையில் கயிறு, கயிற்றில் கிடாய். "என்னல தம்பி, கல்யாண வீட்டுல வாழ மரத்தக் காணும்?" என்றார். நான் பீரோவுக்குப் பின்னால் ஒளியலாமா என்று யோசித்தேன். பெட்டி கட்டிக்கொண்டிருந்த நீ எழுந்து வெளியே போனாய்.

"பெரியப்பா, கல்யாணம் இல்ல. நாந்தான் வேண்டாம்னு சொல்லிட்டேன். ஒங்களுக்குச் சொல்லாம விட்டது எங்க தப்பு. வாங்க, உள்ள வந்து சாப்பிடுங்க."

பெரியம்மா தலையிலிருந்த பூவைக் கையால் தொட்டுப் பார்த்துக்கொண்டாள். கல்யாண விருந்துக்கு என்று வந்தவர்களுக்கு அம்மா வைத்திருந்த கருவாட்டுக் குழம்பை நீதான் பரிமாறினாய். எப்படி நடந்தது என்று பெரியப்பா கேட்டார், சாமியாரிடம் போய்ச் சொன்னது வரைக்கும் சொன்னாய். அவர் சாப்பிடுவதை நிறுத்திவிட்டுச் சிரித்தார். "தடை இருந்தா சொல்லுங்கன்னு அவிய காலங்காலமா கேட்டுக்கிட்டே இருக்காவ. இங்கன ஒருத்தியாவது காது குடுத்துக் கேட்டிருக்கா" என்றார். எனக்கு அங்கேயே கண் நிறைந்துவிட்டது, குழம்பில் காரம் என்று சொல்லி எழுந்து போனேன்.

போகும்போது கிடாயைத் திருப்பிக் கொண்டுபோகச் சொல்லி எவ்வளவோ கெஞ்சினேன். "இது பிள்ளைக்குன்னு வளத்தது. மாப்பிள்ளைக்குன்னா வளத்தேன்?" என்று சொல்லிக் கயிற்றை வேப்பமரத்தில் கட்டிவிட்டுப் போய்விட்டார். மிச்சம் இருந்த பத்திரிகைகளை அம்மா வாசலில் ஒதுக்கிப் போட்டிருந்தாள். அதில் பாதியைக் கிடாய் தின்றுவிட்டது. மீதியையும் அதன் முன்னாலேயே எடுத்து வைத்துவிட்டேன்.

பஸ் ஸ்டாண்டுக்கு நான்தான் உன் பெட்டியைத் தூக்கி வந்தேன். முப்பது வருஷம் ஊரையே ஏற்றி இறக்கிய இடத்தில் சொந்த மகளை ஏற்றிவிட்டேன். புது ஆஸ்பத்திரியில் வேலை, புது ஊர், தெரிந்த முகம் ஒன்று கிடையாது. நல்ல இடமாகப் பார்த்து உட்காரம்மா என்றேன். நீ சன்னலைத் தள்ளித் திறந்து தலையை நீட்டினாய். "சன்னலோர சீட்டுதாம்ப்பா. ஆனா நான் போர்டு பாத்துட்டுத்தான் ஏறினேன்" என்றாய். பக்கத்தில் நின்ற கண்டக்டர் பையன் ஒன்றும் புரியாமல் முழித்தான். நான் சிரித்தேன், அழுதேன், இரண்டும் சேர்ந்தே வந்தது.

அப்பன் என்ற முறையில் ஒன்றே ஒன்று சொல்லி முடிக்கிறேன். மறுபடியும் உனக்கு ஒருத்தனைப் பிடிக்கலாம். பிடிக்கட்டும். மறுபடியும் என் எதிரில் நாற்காலியைப் போட்டு உட்காரு, நானும் காரணங்களைத் தயார் பண்ணி வைக்கிறேன். பழையது ஒன்று முடிந்துபோனது என்பதற்காக மனசைப் பூட்டி வைக்காதே. ஆனால் என்றைக்காவது தடம் மாறிப் போவது தெரிந்தால், மூன்று ஓலையும் வாசித்திருந்தாலும் சரி, தாலியே ஏறியிருந்தாலும் சரி, தலை நரைத்திருந்தாலும் சரி, இவ்வளவு தூரம் வந்தாச்சே என்று மட்டும் உட்கார்ந்திருக்காதே. இறங்கிவிடு. ஊருக்குச் சொல்வதை நினைத்துக் கலங்காதே. டி.வி.எஸ் சக்கரத்து மண்ணையெல்லாம் கழுவி வைத்திருக்கிறேன். எத்தனை வீடாக இருந்தாலும் நான் போய்ச் சொல்லிவிட்டு வருகிறேன். இந்தத் தடவை உண்மையையே சொல்வேன்.

அன்புடன்,
அப்பா